தீராத சண்டையும் ஒரு நேர்காணலும்

2004ஆம் ஆண்டு ஆனி மாதம் முழுவதும், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் உட்கார்ந்து, எனக்கு நடந்தவற்றை வேறு மாதிரி சொல்வது எப்படி என்று படித்துக்கொண்டிருந்தேன். கட்டணம் கட்டிச் சேர்ந்த வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் என்னைவிடச் சின்னவர். பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குத் திரும்பி அந்தப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியிருந்தார். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் அவரைப் பற்றி நல்லதாக அதிகம் சொல்லப் போவதில்லை.

வகுப்பில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் அந்த வருடமோ அதற்கு முந்தைய வருடமோ கல்லூரி முடித்த பிள்ளைகள். நான் 1993இல் பி.ஏ. வரலாறு முடித்தவள். அதன் பிறகு ஒரு வருடம் ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுத்தேன். 1994 ஆவணியில் கல்யாணமாகி அடி அண்ணாமலைக்கு வந்தேன். பயோடேட்டாவில் அதற்கு மேல் எழுத எதுவும் இல்லை.

வேலூர் சாலையில் புதிதாக ஒரு தனியார் மருத்துவமனை திறக்கப் போகிறார்கள், வரவேற்பு மேசைக்கு ஆள் வேண்டும் என்று செய்தித்தாளில் விளம்பரம் வந்திருந்தது. பட்டம் வேண்டும், தமிழ் நன்றாகப் பேச வேண்டும், ஆங்கிலம் ஓரளவு போதும் என்று போட்டிருந்தார்கள். வயது பற்றி எதுவும் இல்லை. விண்ணப்பம் போட்டேன். மூன்று வாரம் கழித்து நேர்காணல் என்று கடிதம் வந்தது. அதன் கடைசி வரியில், இது பிஹேவியரல் இன்டர்வியூ என்று குறித்திருந்தது. என் கணவர் கீழ்பென்னாத்தூரில் ஓர் உரக்கடையில் கணக்குப் பார்த்தார், மிச்ச நேரத்தில் எங்கள் கொல்லையில், அதாவது ஊருக்கு வெளியே இருந்த மானாவாரி நிலத்தில், கடலை போட்டார். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "நடத்தையைப் பாக்கறாங்களா? எங்கிட்ட கேட்டா நானே ரெண்டு பக்கம் எழுதித் தருவேனே" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே வேடிக்கை அது. அடுத்த நிமிடமே, "பத்து வருஷம் ஊட்ல இருந்தியே, அதுக்கு இன்னா சொல்லுவே?" என்று கேட்டார். கேலி இல்லை. உண்மையிலேயே கவலைப்பட்டுக் கேட்டார். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் மழை ஏமாற்றி, கடலை போட்ட விதைக்கே திரும்பவில்லை. வேலை எனக்குத் தேவைப்பட்டது. ஆசைக்கு மட்டும் அல்ல. வகுப்பில் சேர்ந்தது அதனால்தான்.

1993இல் நான் போன நேர்காணல்களில், அந்த நாட்டின் தலைநகர் என்ன, இந்தத் துறைக்கு யார் மந்திரி, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். இப்போது அப்படிக் கேட்பதில்லை என்று பயிற்சியாளர் சொன்னார். உங்களுக்கும் ஒருவருக்கும் ஒத்துப்போகாத ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள், நீங்கள் முன்னின்று ஒன்றைச் செய்த சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்று கேட்பார்களாம். முன்பு என்ன செய்தாரோ அதைத்தான் ஒருவர் பின்னாலும் செய்வார் என்பது அவர்களுடைய கணிப்பு. வரலாறு படித்தவளுக்கு இதில் ஆட்சேபம் இருக்க முடியாது. சொல்லப்போனால் எனக்கு உற்சாகமாகவே இருந்தது. எந்தச் சம்பவம் எந்த வருடம் எந்த மாதம் என்று கேட்டால் எங்கள் தெருவில் என்னிடம்தான் வருவார்கள். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் அன்றைய சங்கதியை எழுதிவைக்கிற வழக்கம் எனக்குக் கல்லூரி நாளிலிருந்து உண்டு. சம்பவம்தானே வேண்டும் என்று நினைத்தேன்.

பலகையில் நான்கு கட்டம் போட்டார். நிலைமை, பொறுப்பு, செய்தது, முடிவு. நான்காவது கட்டத்தில் ஒவ்வொரு முறையும் சிரிக்கிற முகம் ஒன்றை வட்டமாக வரைவார். முடிவு நல்லபடியாக இல்லாவிட்டால் அந்தச் சம்பவமே வேண்டாம், வேறு எடுங்கள் என்பார். கல்லூரிச் சுற்றுலாவில் பஸ் பழுதானது, ஆண்டு விழாவில் மைக் வேலை செய்யாதது என்று பிள்ளைகள் ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். எதுவுமே நடக்காத பிள்ளைகளுக்கு அவரே சம்பவம் கொடுத்தார். ரத்ததான முகாம் நடத்திய சம்பவம் ஒரே வாரத்தில் மூன்று பேருக்குக் கிடைத்தது.

என் பயோடேட்டாவை எடுத்து, 1994க்கும் 2004க்கும் நடுவில் பென்சிலால் வட்டம் போட்டார். "இது கேப் மேடம். எதையாவது போட்டு மூடணும்" என்றார். தையல் படித்தேன் என்று சொல்லலாம், கம்ப்யூட்டர் படித்தேன் என்று சொல்லலாம், எல்லாவற்றையும்விடச் சிறந்தது மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார், கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன் என்பது, கேட்பவர்கள் மேற்கொண்டு தோண்ட மாட்டார்கள் என்றார்.

"எங்க அத்தை இப்ப கொல்லியில களை வெட்டிக்கினு இருக்காங்க சார். படுத்த படுக்கைன்னு நான் சொன்னது தெரிஞ்சா, களையோட சேத்து என்னையும் வெட்டிடுவாங்க" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில், என்னிடம் சம்பவம் இருக்கிறது, சொல்லட்டுமா என்று எழுந்து நின்றேன்.

அன்று அங்கே சொன்னதை இங்கேயும் முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீட்டு வாசல் கிரிவலப் பாதையைப் பார்த்தது. பௌர்ணமி என்றால் மதியத்திலிருந்து கூட்டம் நடக்கத் தொடங்கி மறுநாள் காலைவரை ஓயாது. நான் வாழ வந்த புதிதில் இருந்த கூட்டம் வேறு, ஐந்தாறு வருடத்தில் பெருகிய கூட்டம் வேறு. ஆண்களுக்கு ஒரு மரமோ மறைவோ போதும். பெண்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, கேட்க வாய் வராமல் தண்ணீர் கேட்பார்கள். தண்ணீர் கொடுத்தால் குடிக்க மாட்டார்கள். சும்மா நிற்பார்கள். 1997இல் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கக்கூஸ் கட்டினோம். 1998 சித்திரைப் பௌர்ணமிக்கு, பக்கவாட்டுச் சந்தில் கோலமாவால் அம்புக்குறி போட்டு, பெண்களுக்கு மட்டும் என்று அட்டையில் எழுதி மாட்டினேன். ஆளுக்கு இரண்டு ரூபாய். அத்தை முதலில், ஊர்பேர் தெரியாதவர்கள் எல்லாம் கொல்லைப்புறம் வரைக்கும் வருவதா என்று ஆடித் தீர்த்தார். ஆனியில் பார்த்தால் சந்து முனையில் முக்காலி போட்டு உட்கார்ந்து காசு வாங்கிக்கொண்டிருந்தார்.

2000க்குள் எங்களோடு சேர்த்து ஐந்து வீடுகள் ஆயிற்று. அந்த ஐந்தையும் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தவள் நான். எந்த வீட்டில் வரிசை குறைவோ அந்த வீட்டுக் கதவில் பச்சைத் துணி, தண்ணீர் தீர்ந்தால் சிவப்புத் துணி. பௌர்ணமிக்கு முந்தைய வாரம் செப்டிக் டேங்க் இறைக்கிற லாரி. கழுவிவிட முறை. தண்ணீருக்கு டேங்கர் லாரி, ஐந்து வீட்டுக்கும் பொதுவாக. இதில் தானம், தர்மம் எதுவும் இல்லை. வந்தவர்களுக்கு அவசரம், எங்களுக்கு வருமானம். இரண்டு தரப்பும் முகம் சுளிக்காமல் நடந்தது.

ஆறாவது வீடு எங்கள் வீட்டை ஒட்டியது. என் கணவரின் பெரியப்பா மகன் வீடு. பங்காளி. 1996 தை மாதம் அவர்கள் எழுப்பிய மதில் சுவர் அரை அடி எங்கள் பக்கம் வந்துவிட்டது. அவர்களைக் கேட்டால் அரை அடி விட்டுக்கொடுத்துக் கட்டியதாகச் சொல்வார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அந்த வீட்டு அக்காவும் நானும் அதற்கு முன்பு ஒன்றாகச் சந்தைக்குப் போய் வந்தவர்கள்.

பேச்சு நின்றுவிட்டதே தவிர, சொல்ல வேண்டியது நின்றுவிடுமா? எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. அவரவர் மாட்டிடம் பேசுவோம். மதிலுக்கு அந்தப் பக்கம் அந்த அக்காவின் எருமை, இந்தப் பக்கம் எங்கள் செவலைப் பசு. "எருமே, நாளைக்குக் காலையில கரண்ட் இல்லியாம்" என்று அங்கே குரல் கேட்டால், நான் அன்றைக்கே மாவு அரைத்துவிடுவேன். ரேஷனில் மண்ணெண்ணெய் வந்திருந்தால் நான் செவலையிடம் சொல்வேன். யாரும் யாரிடமும் பேசவில்லை. மாட்டிடம் பேச யாருக்கும் தடை இல்லை.

2003 சித்திரைப் பௌர்ணமி. கார்த்திகை தீபத்தை விட்டால் வருடத்திலேயே பெரிய கூட்டம் அன்றைக்குத்தான். பிற்பகலிலேயே எங்கள் போர்வெல் தண்ணீருக்குப் பதில் காற்றைத் துப்பத் தொடங்கியது. டேங்கர் வரவில்லை. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போலீஸ்காரர்கள் வண்டிகளை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டார்கள், லாரி அதில் மாட்டிக்கொண்டது. ஐந்து கதவிலும் சிவப்புத் துணி. சந்தில் பெண்கள் நிற்கிறார்கள். ஒரு கைக்குழந்தைக்காரி அழவே தொடங்கிவிட்டாள். ஆழமான போரும் மோட்டாரும் இருந்தது பங்காளி வீட்டில் மட்டும்தான். நேராகப் போய்க் கேட்கலாம். கேட்டால் அந்த அக்கா மறுத்தே தீர வேண்டியிருக்கும். முகத்துக்கு நேராகச் சரி என்று சொல்லிவிட்டால் மதில் விஷயத்தில் அவர் இறங்கி வந்ததாக ஆகிவிடும். அதனால் மாட்டுக் கொட்டகைக்குப் போனேன்.

"செவலை, அஞ்சு வீட்லயும் சொட்டுத் தண்ணி இல்ல. பொம்பளைங்க நிக்கிறாங்க. மோட்டார் வச்சிருக்கறவங்க போட்டுவிட்டா இனிமே ஆறு வீடு, ஆறு பங்கு."

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, "எருமே, யாரோ பங்குன்றாங்க. இன்னிக்கு மட்டுமா, எப்பவுமான்னு கேட்டுக்கோ. அப்பறம் காத்தோட பூடும்."

"எப்பவும்தான் செவலை."

"கரண்டு பில்லு ஜாஸ்தி வருமே எருமே, அதை யாரு கட்டறது?"

"அதையும் ஆறாப் பிரிச்சிக்கலாம் செவலை."

"செவுரு மேல கை வைக்காம ஓஸ் பைப்பைப் போட்டுக்கச் சொல்லு. செவுரு எங்களுது."

எனக்குச் சுருக்கென்றது. "செவுரு யாருதுன்னு அப்பறம் பாக்கலாம் செவலை. ஓஸு வேப்பமரத்து மேலயே வரட்டும்" என்றேன்.

மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. மரக்கிளை வழியாக ஓஸ் இறங்கியது. அன்றிலிருந்து ஆறு வீடு. மாதாமாதம் அவர்கள் பங்கை ஒரு சுருக்குப்பையில் போட்டு வேப்பமரக் கவட்டையில் மாட்டிவிட்டு மாட்டிடம் சொல்லிவிடுவேன்.

வகுப்பில் இதைச் சொல்லி முடித்தபோது பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சூப்பர் சம்பவம் என்றார். பிறகு சாக்பீஸை எடுத்தார். கக்கூஸ் என்று வரக் கூடாது, பக்தர்களுக்கு அடிப்படை வசதி என்று வர வேண்டும். காசு வாங்கியது வரக் கூடாது, இலவசச் சேவை. மாடு வேண்டவே வேண்டாம். 'அவரை நேரில் சந்தித்து, திறந்த மனதோடு பேசினேன்' என்று சொல்ல வேண்டும். கடைசியாக, 'இன்று நாங்கள் இருவரும் நெருங்கிய தோழிகள்'. அந்த வரிக்குப் பக்கத்தில் சிரிக்கிற முகத்தை வரைந்தார். வருடம், மாதம் எல்லாம் சொல்ல வேண்டாம், சாட்சிக் கூண்டில் நிற்பதுபோல இருக்கிறது என்றும் சொன்னார்.

பிள்ளைகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். நான் பேனா மூடியையே கழற்றவில்லை.

"காசு வாங்கினோமே சார்" என்றேன்.

"வாங்கினீங்க. யாரு வந்து பாத்தாங்க?"

"குடுத்தவங்க பாத்தாங்களே."

அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். நேர்காணல் என்பது ஒருவகை நாடகம், அதில் பொய் என்று எதுவும் இல்லை, எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள், அவர்களும் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்றார். எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்றால், அவர்கள் எதை வைத்து எங்களில் ஒருவரை எடுப்பார்கள் என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் மணி ஐந்தரை ஆகிவிட்டது.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். கக்கூஸை வசதி என்று சொல்வதில்கூட எனக்குப் பெரிய கோபம் இல்லை. அந்தக் கடைசி வரிதான் குடைந்தது. அரை அடி தங்களுடையது என்று அந்த அக்கா எட்டு வருடமாக நிற்கிறார். நான் இல்லை என்று நிற்கிறேன். யாரோ நாலு பேர் முன்னால் உட்கார்ந்துகொண்டு நாங்கள் தோழிகள் ஆகிவிட்டோம் என்று நான் சொன்னால், அவர் மதிலை விட்டுக்கொடுத்துவிட்டார் என்றல்லவா ஆகிறது? அவருடைய சண்டையை அவரைக் கேட்காமல் முடித்து வைக்க நான் யார்? எனக்கு வேலை கிடைப்பதற்காக அவர் தோற்க வேண்டுமா?

வீட்டில் என் கணவர் பயிற்சியாளர் பக்கம்தான் பேசினார். "பொய் சொல்லச் சொல்லல. கம்மியா சொல்லு" என்றார்.

"கம்மியா சொன்னா பத்து வருஷமும் கம்மியாத்தாங்க தெரியும்" என்றேன். அவர் விளக்குமாற்றை எடுத்து வாசலைப் பெருக்கப் போய்விட்டார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் ஏதாவது வேலை செய்வார்.

மிச்ச நாட்களில் வகுப்புக்குப் போனேன். ஆனால் தயாரித்தது வீட்டில். அவர் சொன்ன நான்கு கட்டத்தை நான் ஒதுக்கவில்லை. நல்ல ஏற்பாடு அது. பழைய காலண்டர் தாள்களை எடுத்து, எது எப்போது நடந்தது, அன்றைக்கு நான் என்ன முடிவெடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று சரிபார்த்தேன். பாத்திரம் துலக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நான்காவது கட்டத்தில் என்ன நடந்ததோ அதை மட்டும் வைத்தேன்.

நேர்காணல் ஆடி மாதம் ஒரு புதன்கிழமை. கட்டடத்தில் பெயின்ட் வாசனை போகவில்லை. உள்ளே மூன்று பேர். நடுவில் சென்னையிலிருந்து வந்த ஹெச்.ஆர். அம்மா, என் வயதுதான் இருக்கும், கைத்தறிப் புடவை கட்டியிருந்தார். ஒரு பக்கம் ஒரு டாக்டர். இன்னொரு பக்கம் மருத்துவமனையின் நிர்வாகி. நோயாளிகளிடம் தமிழில்தான் பேசப் போகிறீர்கள், தமிழிலேயே பேசலாம் என்று ஹெச்.ஆர். அம்மா சொன்னார்.

நிர்வாகி பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு, பத்து வருடம் இடைவெளி இருக்கிறதே என்றார்.

"இடைவெளி இல்லைங்க. வேலை செஞ்சேன். அதுக்கு சர்ட்டிபிகேட் இல்ல, அவ்வளவுதான்" என்றேன்.

அப்படியானால் அந்த வேலையிலிருந்தே சொல்லுங்கள், ஒருவரோடு ஒத்துப்போகாமல், ஆனாலும் அவரோடு சேர்ந்து ஒரு காரியத்தை முடிக்க வேண்டியிருந்த சந்தர்ப்பம் என்று ஹெச்.ஆர். அம்மா கேட்டார். சொன்னேன். 1996 தையில் தொடங்கி, 1998, 2000, 2003 என்று வரிசையாகச் சொன்னேன். கக்கூஸ் என்ற இடத்தில் நிர்வாகியின் பேனா நின்றது. இரண்டு ரூபாய் என்ற இடத்தில் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மாட்டுக் கொட்டகைக்குப் போனேன் என்று சொன்னதும் ஹெச்.ஆர். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பக்கத்து வீட்டம்மாகிட்ட என்ன சொன்னீங்க? அன்னைக்குச் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

"அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லலைங்க. எங்க மாட்டுகிட்டத்தான் சொன்னேன்."

அன்றைய வார்த்தைகளை அப்படியே சொன்னேன், அந்தப் பக்கத்துப் பதிலையும் சேர்த்து. டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஹெச்.ஆர். அம்மா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார். ஏன் நேரில் கேட்கவில்லை என்றார். நேரில் கேட்டால் அவங்க இல்லைன்னு சொல்லியாகணும், அப்படி ஒரு நிலைமையில அவங்களை நிறுத்தினா எனக்குத் தண்ணி வராது என்றேன்.

"இப்ப ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப சண்டை தீரலை."

"தீரல. சுவரு அங்கேயேதான் இருக்குது. தண்ணி வந்துடுச்சு."

"தீர்க்கணும்னு உங்களுக்குத் தோணலையா?"

"அரை அடி யாருதுன்னு நானும் அவங்களும் ஒரே பதிலைச் சொன்னாத்தான் அது தீரும். அதுக்காக வரிசையில நின்ன பொம்பளைங்களைக் காக்க வைக்க முடியாதுங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிர்வாகிதான் முதலில் பேசினார். ஹவுஸ்கீப்பிங் பிரிவுக்கு ஒரு சூப்பர்வைசர் தேவைப்படுகிறார், என் அனுபவத்துக்கு அது நன்றாகப் பொருந்தும், சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, வேண்டுமானால் இன்றைக்கே உறுதி செய்துவிடலாம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

இன்றைக்கே. அந்தச் சொல் என்னைப் பிடித்து இழுத்தது என்பதை மறைக்க மாட்டேன். கொல்லையில் காய்ந்து நின்ற கடலைச் செடி கண்ணில் வந்து போனது. தலையை ஆட்டிவிட்டால் முடிந்தது. ஆனால் நான் ஆறு வீட்டை ஒன்றாக நடத்தியதைச் சொன்னேன், முகம் பார்க்காதவரோடு பேசி முடித்ததைச் சொன்னேன். அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான்.

"அந்த வேலை மட்டம்னு சொல்லல சார். ஆறு வருஷமா செஞ்சிக்கினு இருக்கறவதான் நான். ஆனா நீங்க கேட்டது சண்டையைப் பத்தி, கக்கூஸைப் பத்தி இல்ல. நான் சொன்ன பதிலு வரவேற்பு மேசைக்கு."

"அது கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னு லெட்டர் போடுங்க சார்."

எழுந்து வெளியே வந்தேன். எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேர் வெளியே காத்திருந்தார்கள். என்ன கேட்டார்கள் என்று விசாரித்தார்கள். நடந்ததைக் கேட்டார்கள் என்றேன்.

வீட்டில் என் கணவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "குடுத்த வேலையை வேணான்னுட்டு வந்துட்டியா" என்றார். முறத்தில் கடலை தெள்ளிக்கொண்டிருந்த அத்தை தலை நிமிராமல் சொன்னார்: "புடவை எடுக்கப் போனவகிட்ட ஜாக்கெட் பிட்டைக் காட்டினா வாங்கிக்கினு வந்துடணுமாடா?" என் அத்தை எனக்காகப் பேசியது, எனக்கு நினைவு தெரிந்து, அது இரண்டாவது தடவை. முதல் தடவை 1999 ஐப்பசி. அது வேறு கதை.

ஆடி முடிவதற்குள் கடிதம் வந்தது. வரவேற்பு மேசைக்கு, ஆறு மாதம் தற்காலிகம், பிறகு பார்க்கலாம் என்று இருந்தது. ஆவணி முதல் வாரம் சேர்ந்தேன். என் பதிலில் அவர்களுக்கு எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஆறு மாதம் முடிந்ததும் நிரந்தரமாக்கினார்கள்.

இத்தோடு முடித்திருக்கலாம். 2005 பங்குனியில், எங்கள் தெருவிலிருந்து அதே வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்த ஒரு பெண், அங்கே கொடுத்த மாதிரி விடைத் தாள்களை என்னிடம் காட்டினாள். தலைப்பு, 'கருத்து வேறுபாடு'. கீழே: 'நான் கிரிவலப் பாதையில் வசிக்கிறேன். எங்கள் தெருவில் பக்தர்களுக்கு இலவசமாக அடிப்படை வசதிகள் செய்து கொடுத்தோம். என் மாமியார் முதலில் எதிர்த்தார். பக்கத்து வீட்டாரை நேரில் சந்தித்து, திறந்த மனதோடு பேசினேன். இன்று நாங்கள் நெருங்கிய நண்பர்கள்.' அவள் இன்னொன்றும் சொன்னாள். முந்தைய மாதம் வேலூரில் ஒரு கம்பெனி நேர்காணலுக்குப் போன நான்கு பேர் அடுத்தடுத்து இதே சம்பவத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அதில் கல்யாணமாகாத ஒரு பையன், என் மாமியார் முதலில் எதிர்த்தார் என்று தொடங்கியிருக்கிறான். நான்கு பேரையும் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அப்புறம் அந்தத் தாளை மறுபடியும் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த வாரம் எனக்குப் பிற்பகல் டியூட்டி. காலை வகுப்பு நடக்கிற நேரத்துக்கு ஜெராக்ஸ் கடை மாடி ஏறினேன். பயிற்சியாளருக்கு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. இவங்கதான், நம்ம சென்டர்ல படிச்சு வேலைக்குப் போனவங்க என்று வகுப்புக்கு அறிமுகம் செய்தார். உங்க கதைதான் மேடம் இப்ப இங்க டாப் என்றார்.

"இது என் கதை இல்ல சார்" என்று தாளை நீட்டினேன்.

"பேரே போடலியே மேடம்."

"பேரு போட்டிருந்தாக்கூடப் பரவால்ல. ஃப்ரெண்டு ஆயிட்டோம்னு போட்டிருக்கீங்க. அந்த அக்காவைக் கேட்டீங்களா? நாங்க 1996 தையிலேர்ந்து பேசிக்கறதில்ல. இன்னிக்குக் காலையிலயும் பேசல."

இதெல்லாம் இன்டர்வியூவுக்குத்தானே மேடம் என்றார். நான் போனதும் இன்டர்வியூவுக்குத்தான் என்றேன். கதையை எடுத்துவிடச் சொன்னேன். எடுக்க முடியாவிட்டால், நடந்தபடி போடச் சொன்னேன். இரண்டில் ஒன்று ஆகாமல் கீழே இறங்குவதாக இல்லை என்று காலி பெஞ்சில் உட்கார்ந்தேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த தாள் கட்டை எடுத்து, முதல் தாளில் கடைசி வரியைப் பேனாவால் அடித்தார். திறந்த மனதையும் அடித்தார். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். மாடு என்று எழுதச் சொன்னேன். எழுதினார்.

"இலவசம்ன்றது மட்டுமாவது இருக்கட்டுமே மேடம். நல்லா இருக்குது."

"ரெண்டு ரூபா சார்" என்றேன். "போன தையிலேர்ந்து மூணு."